அசோசியேட்டின் மணிக்கணக்கு

பெரிய சட்ட நிறுவனங்களில் பணிபுரியும் இளம் வழக்கறிஞர், அதாவது அங்கே அசோசியேட் என்று அழைக்கப்படுபவர், தம் வேலைநாளை ஆறு ஆறு நிமிடங்களாக எழுதி வைக்கிறார். ஆறு நிமிடம் என்பது 0.1 மணி. எந்தக் கட்சிக்காரருக்காக, எந்த விவகாரத்தில், என்ன வேலையைச் செய்தார் என்பதை அன்றன்றே டைம்ஷீட்டில் பதிந்தால்தான் மாத முடிவில் நிறுவனம் பில் அனுப்ப முடியும். அதே டைம்ஷீட்டிலிருந்து ஆண்டு முடிவில் இன்னொரு கணக்கும் எடுக்கப்படுகிறது: இவருக்குப் போனஸ் உண்டா, உண்டென்றால் எவ்வளவு, அடுத்த ஆண்டு சம்பளத்தில் ஒரு படி ஏற்றலாமா என்பது. இரண்டும் ஒரே கணக்கு என்றுதான் புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கட்சிக்காரரிடம் வசூலிக்கப்படும் மணியும் அசோசியேட்டின் சம்பளத்துக்கு எண்ணப்படும் மணியும் வெவ்வேறு விதிகளால் நிர்ணயிக்கப்படுகின்றன. இரண்டாவது விதி பெரும்பாலும் நியமனக் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியமாகத்தான் இருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், சட்டப் படிப்பை முடித்துவிட்டுத் தங்கச்சிமடத்தில் வீட்டோடு இருக்கும் என் அண்ணன் மகள். மும்பை நிறுவனம் ஒன்றிலிருந்து அவளுக்கு வந்த கடிதத்தில் மாதத் தொகை எழுதியிருந்த பத்தியை வீட்டில் அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு பத்தி கீழே, ஆண்டுக்கு 1,900 பில்லபிள் மணிநேரத்தை, அதாவது கட்சிக்காரருக்குப் பில் போடக்கூடிய மணிநேரத்தை, எட்டுவோர் போனஸுக்குத் தகுதி பெறுவர் என்று இருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. "எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தா எட்டு மணி நேரம்தானே அத்தை? வருஷத்துக்கு ரெண்டாயிரம் தாண்டிடுமே" என்றாள் அவள். நான் ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன் சென்னையில் இத்தகைய நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் டைம்ஷீட் எழுதியவள் என்பதால், அவளுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

முதலில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்கு அலுவலகம் வருகிறீர்கள். கட்சிக்காரருடன் 14 நிமிடம் தொலைபேசிப் பேச்சு. ஆறு நிமிடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் 0.3. ஒரு மின்னஞ்சலைப் படித்து ஒற்றை வரியில் பதில் அனுப்ப மூன்று நிமிடம், அது 0.1. ஒரு குத்தகை ஒப்பந்தம் தொடர்பான முன்தீர்ப்புகளைத் தேடிப் படித்தது ஒரு மணி ஐம்பது நிமிடம், 1.9. வரைவு எழுதியது இரண்டே கால் மணி, 2.3. பிறகு புதிய மென்பொருள் பற்றி நிறுவனமே நடத்திய பயிற்சி ஒரு மணி நேரம், அது பூஜ்யம். பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் லாபத்தில் பங்குள்ள மூத்த வழக்கறிஞர், ஒரு கருத்தரங்கில் பேசுவதற்குக் குறிப்புத் தயாரித்துக் கொடுத்தது ஒன்றரை மணி, அதுவும் பூஜ்யம். இன்னொரு பார்ட்னரின் அறை வாசலில் காத்திருந்தது, சாப்பாடு, தேநீர் எல்லாம் பூஜ்யம். மாலையில் வரைவைத் திருத்தியது நாற்பது நிமிடம்; 0.7. இரவு எட்டு மணிக்குக் கிளம்பும்போது பத்தரை மணி நேரம் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறீர்கள், டைம்ஷீட்டில் ஏறியிருப்பது 5.3.

இந்த 5.3 சோம்பேறியின் நாள் அல்ல. வேலையும் ஓரளவு சுறுசுறுப்பும் உள்ள நாள்தான் இது. ஆனால் 1,900 என்ற எண்ணை வாரம் ஐந்து நாள் வீதம் 48 வாரங்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 7.9 மணி வருகிறது. பண்டிகை விடுமுறை, காய்ச்சல், ஊருக்குப் போய்வரும் நாட்கள் எல்லாம் போக 225 நாட்கள்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் 8.4. அலுவலகத்தில் செலவிடும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பில்லபிள் ஆக்கும் திறமைசாலிகூட இந்த இலக்கை எட்ட நாள்தோறும் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் வேலையில் இருந்தாக வேண்டும். என் அண்ணன் மகளின் கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

இந்த முறையின் பிறப்பு வேறு நோக்கத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பை நடத்திவந்த ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், 1919-இல் ஹேல் அண்ட் டோர் என்ற நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தபோது, ஒரு வேலையைச் செய்துமுடிக்க நிறுவனத்துக்கு என்ன செலவாகிறது என்பதை அறிந்துகொள்வதற்காக வழக்கறிஞர்களை நேரக் குறிப்பு எழுத வைத்தார். 1958-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வெளியிட்ட ஒரு சிறு பிரசுரம், மற்ற தொழில்களோடு ஒப்பிடுகையில் வழக்கறிஞர்களின் வருமானம் பின்தங்கிவிட்டது என்றும் நேரக் குறிப்பு எழுதுவோர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்றும் எடுத்துரைத்தது; கூடுதல் நேரம் உழைக்காத ஒரு வழக்கறிஞருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 மணிநேரம்தான் கட்டணம் ஈட்டும் நேரமாகக் கிடைக்கும் என்று அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. பிறகு 1975-இல், குறைந்தபட்சக் கட்டணத்தைச் சங்கமே நிர்ணயித்துக் கட்டாயமாக்குவது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று கோல்ட்ஃபார்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இன்ன வேலைக்கு இன்ன கட்டணம் என்ற பழைய பட்டியல் செல்லாததாகி, மணிக்கணக்கே பொதுவழக்கானது. அன்றைய 1,300 இன்று 1,900 ஆகவும் 2,000 ஆகவும் ஏறியிருக்கிறது. நாளின் நீளம் மட்டும் மாறவில்லை.

சம்பளத்தோடு இந்த மணி எப்படிக் கோக்கப்படுகிறது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. நியூயார்க்கின் பெரிய நிறுவனங்களில் அடிப்படைச் சம்பளம் மணியைச் சார்ந்ததே அல்ல. எந்த ஆண்டில் படிப்பை முடித்தவர் என்பதைப் பொறுத்தது. 2023 நவம்பரில் மில்பேங்க் என்ற நிறுவனம் சம்பளத்தை உயர்த்தி, கிராவத் என்ற நிறுவனம் அதை விஞ்சிய பிறகு நிலைபெற்ற அளவுகோலின்படி முதலாண்டு அசோசியேட்டுக்கு 2,25,000 டாலர், மூத்த அசோசியேட்டுக்கு 4,35,000 டாலர். அதற்குமேல் ஆண்டிறுதிப் போனஸ், மூத்தவர்களுக்கு 1,15,000 டாலர் வரை. சில நிறுவனங்கள் அந்தப் போனஸை நல்ல நிலையிலுள்ள அனைவருக்கும் கொடுத்துவிடுகின்றன. வேறு பல நிறுவனங்களில் 1,900 அல்லது 2,000 மணியைத் தொட்டவருக்கே அது கிடைக்கும். இரண்டாவது வகையில் 1,893 மணி எழுதியவருக்கு ஒன்றும் இல்லை, 1,901 எழுதியவருக்கு முழுத்தொகை. படிப்படியாகக் கூடும் போனஸ் முறையை வைத்திருப்பவர்கள் இந்தக் கொடுமையைக் கொஞ்சம் தணிக்கிறார்கள். சிறிய நிறுவனங்களில், அசோசியேட் ஈட்டித் தந்து உண்மையில் வசூலாகிய தொகையில் ஒரு சதவீதம் என்று பேசிக்கொள்வதும் உண்டு.

நிறுவனத்தின் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, இளம் அசோசியேட்டின் மணிக்கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,900 மணிக்கு ஒரு கோடியே 14 லட்சம் ரூபாய். பில் போடும்போது பார்ட்னர் பத்து சதவீதத்தை வெட்டுகிறார். அனுப்பிய பில்லில் பத்து சதவீதம் வசூலாகவில்லை. கையில் வருவது 92 லட்சத்துச் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு அசோசியேட்டுக்கு, ஒரு பங்கு வாடகை முதலான செலவுகளுக்கு, ஒரு பங்கு பார்ட்னர்களின் லாபத்துக்கு என்பது பழைய வாய்ப்பாடு. உழைத்த மணி, பில்லில் ஏறிய மணி, வசூலான மணி என்று மூன்று வேறு எண்கள் இதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். போனஸ் இம்மூன்றில் எதைக்கொண்டு கணக்கிடப்படுகிறது என்பதே நியமனக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி என்பேன்.

ஏனென்றால் முதல் எண் மட்டும்தான் அசோசியேட்டின் கையில் இருக்கிறது. பத்து மணி நேரம் செலவிட்டு எழுதிய ஒரு குறிப்பில், "இது ஆறு மணி நேர வேலைதான்" என்று பார்ட்னர் நான்கு மணியை வெட்டிவிடலாம். அது புதியவரின் மந்தத்தால் நேர்ந்ததாகவும் இருக்கலாம், கட்சிக்காரரிடம் குறைந்த தொகைக்குப் பார்ட்னரே ஒப்புக்கொண்டுவிட்டதால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். வெட்டப்பட்ட நான்கு மணி உங்கள் 1,900-இல் சேருமா என்பதில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. சேரும் என்று சொல்லும் நிறுவனத்தில் அசோசியேட் உண்மையான நேரத்தை எழுதுவார். சேராது என்று சொல்லும் நிறுவனத்திலோ, பார்ட்னர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சிப் பத்து மணியைத் தாமே ஏழாக்கி எழுதுகிறவர்களும், வேறொரு பதிவில் 0.4-ஐ 0.7 ஆக்கி ஈடுகட்டுகிறவர்களும் உருவாகிறார்கள். இரண்டுமே பொய்க்கணக்கு. இரண்டாவது, கட்சிக்காரரை ஏமாற்றுவது. முதலாவது, அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையே நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைப்பது.

ஒரே நேரத்தை இருவரிடம் விற்பதற்கு 1993-லேயே அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஒழுக்கநெறிக் குழு தடை சொல்லிவிட்டது. நம் ஊர் நிலவரத்தில் வைத்துச் சொன்னால், ஒரு கட்சிக்காரருக்காக ராமேசுவரத்திலிருந்து இரவு ரயிலில் சென்னை போகும் வழக்கறிஞர், ரயிலில் உட்கார்ந்து மற்றொருவரின் ஒப்பந்தத்தை மூன்று மணி நேரம் திருத்தினால், அந்த நேரத்தை இருவர் பில்லிலும் ஏற்றக் கூடாது. அதே சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட கருத்துரையில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வேலை செய்து மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு மட்டுமே பில் போடலாம் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. நான்கு மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தால் பில்லில் 0.7 மட்டும். கட்சிக்காரருக்கு இது நியாயம். அசோசியேட்டுக்கோ, 1,900 என்ற இலக்கு அப்படியே நிற்க, அதை நிரப்பும் வேலைகளின் நீளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது.

எந்த வேலை மணியாக எண்ணப்படும் என்பது அடுத்த சிக்கல். கட்டணமில்லாமல் செய்யும் பொதுநல வழக்கு வேலையைப் பல நிறுவனங்கள் ஒரு வரம்புவரை இலக்கில் சேர்த்துக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் வரம்பின்றிச் சேர்க்கின்றன. சில, வாயளவில் பாராட்டிவிட்டு விட்டுவிடுகின்றன. 2002-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஆணையக் குழு ஒன்று ஆண்டுக்கு 2,300 மணி என்ற மாதிரித் திட்டத்தை முன்வைத்தது: பில்லபிள் 1,900, பொதுநலப் பணி 100, நிறுவனத்துக்கான பணி 100, கட்சிக்காரர்களைத் தேடுவது 75, பயிற்சி 75, தொழிலுக்கான சேவை 50. எண்கள் இருக்கட்டும். பயிற்சிக்கும் பொதுநலப் பணிக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, அவையும் உழைப்பே என்று தாளில் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

இது எங்கள் கரைக்குத் தொலைவான விஷயமல்ல. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்களின் குடும்பங்கள் பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் மனு எழுதத் தேடி வருவது இங்கே வழக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்படியொரு மனுவுக்காக நகரத்து அசோசியேட் ஒருவர் அறுபது மணி நேரம் உழைத்தால் அது அவருடைய 1,900-இல் ஏறுமா? ஏறும் என்று எழுத்தில் இருக்கும் நிறுவனத்தில் அவர் தயங்காமல் ஒப்புக்கொள்வார். இல்லாத இடத்தில் அந்த அறுபது மணியை அவர் சனி, ஞாயிறுகளிலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும். எத்தனை பேர் தருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் அண்ணன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அவருக்கு இந்த மணிக்கணக்கை விளக்கியபோது அவர் கேட்ட கேள்வியைவிடக் கூர்மையான கேள்வியை நான் நிறுவனத்தில் இருந்த காலத்திலும் கேட்டதில்லை. படகில் பிடிபட்ட மீன் கரையில் எல்லார் கண் முன்னாலும் எடை போடப்படுகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, படகுக்காரர் பங்கு போக மீதியைத் தொழிலாளிகள் பிரித்துக்கொள்கிறார்கள். பாடு மோசமென்றால் எல்லாருக்கும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கட்டிக் கிடந்தால், ஏன் மீன் கொண்டுவரவில்லை என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். "வேலையைக் கொடுக்கிறவரு அவரு. அவரே கொடுக்காம விட்டுட்டா, மணி வரலைன்னு பிள்ளை காசை எப்படிப் பிடிக்கலாம்?" என்றார் அண்ணன்.

மணிக்கணக்கு முறையின் ஆகப்பெரிய பழுது இதுதான். இலக்கு அசோசியேட்டின் தலையில். வேலையைப் பங்கிடுவது பார்ட்னரின் கையில். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும் பெரிய ஒப்பந்தம் ஒன்றில் சேர்க்கப்பட்டவருக்கு மூன்று மாதத்தில் 700 மணி சேர்ந்துவிடும். அதே ஆண்டில் சேர்ந்த இன்னொருவர், ஒப்பந்தம் முறிந்துபோன துறையில் மாட்டிக்கொண்டு மாதம் 90 மணிக்கு அல்லாடுவார். திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இல்லாமலிருக்கலாம். யாருக்கு யார் வேலை கொடுக்கிறார்கள் என்பதில் பழக்கம், ஊர், மொழி, இரவில் யார் அலுவலகத்தில் தங்க முடிகிறது என்பதெல்லாம் ஓசையின்றி நுழைந்துவிடுகின்றன. குழந்தை உள்ள பெண்கள் இதில் முதலில் பின்தங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை ஒதுக்கீட்டுக்கென்று தனி அலுவலரை வைத்து, யாரிடம் மணி குறைகிறது என்பதை வாராவாரம் பார்த்துச் சமன்செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடிதத்தில் உள்ள தொகை சற்றுக் குறைந்தாலும் அப்படிப்பட்ட இடமே மேல் என்பது என் கருத்து.

விடுப்பும் இங்கேதான் வருகிறது. 26 வாரப் பேறுகால விடுப்பில் போனவரின் இலக்கு 1,900-இலிருந்து 950 ஆகக் குறைய வேண்டும் என்பது எளிய கணக்கு. விடுப்பு தந்துவிட்டு இலக்கை அப்படியே வைத்திருந்தால், தந்தது விடுப்பு அல்ல, கடன்.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்திய வழக்கறிஞர் கவுன்சிலின் 49-ஆம் விதிப்படி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. ஆகவே சட்ட நிறுவனங்களில் அசோசியேட்டுகள் பெரும்பாலும் ஊழியர்களாக அல்லாமல், ரீடெய்னர் என்ற பெயரில் மாதக் கட்டணம் பெறும் தனித்த தொழில்முறையாளர்களாகவே வைக்கப்படுகிறார்கள். மாதத் தொகையிலிருந்து தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 சதவீத வரி பிடிக்கப்படுகிறது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் வழக்கமாகக் கிடையாது. ஊழியருக்குச் சட்டம் தரும் விடுப்புப் பாதுகாப்பும் போனஸ் உரிமையும் இவர்களுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. கடிதத்திலும் நிறுவனத்தின் கொள்கைக் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உரிமை. அந்தக் கையேடோ பல இடங்களில் வேலையில் சேர்ந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கிறது.

ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இந்தப் பேச்சே விநோதமாகத் தோன்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே நாங்கள் நோட்டீசுக்கு இவ்வளவு, வழக்குத் தாக்கலுக்கு இவ்வளவு, வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். நேரத்தை யாரும் எழுதுவதில்லை. ஜூனியருக்குக் கொடுப்பது சீனியரின் மனத்தைப் பொறுத்தது என்றிருந்த நிலையில்தான், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த 15,000 எத்தனை ஜூனியர்களின் கைக்கு வருகிறது என்று வளாகத்துத் தேநீர்க் கடையில் விசாரித்தால் நல்ல சிரிப்பு கிடைக்கும். மணிக்கணக்கின் குறைகளை இவ்வளவு அடுக்கிய பிறகும், உழைத்ததற்கு ஒரு பதிவாவது இருக்கிறதே என்ற வகையில் அசோசியேட் எங்கள் ஜூனியரைவிட மேலான நிலையில்தான் இருக்கிறார்.

அண்ணன் மகளை மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன்: பார்ட்னர் வெட்டும் மணி இலக்கில் சேருமா, பயிற்சியும் பொதுநலப் பணியும் எத்தனை மணிவரை எண்ணப்படும், ஆண்டின் நடுவில் சேருகிறவருக்கு இலக்கு மாதக் கணக்கில் குறையுமா. மனிதவளத் துறையிலிருந்து மரியாதையான பதில் வந்தது. வெட்டப்படும் மணி சேரும். பயிற்சி சேராது, பொதுநலப் பணி 50 மணிவரை சேரும். இலக்கு மாதக் கணக்கில் குறையும். கடைசி வரியில், இவை அனைத்தும் நிறுவனத்தின் தீர்மானத்துக்கு உட்பட்டவை என்றும் இருந்தது. அந்த வரி எல்லா நிறுவனங்களின் கடிதங்களிலும் இருக்கும். அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. சென்ற ஆண்டு அவளைப் போல் முதலாண்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் இலக்கைத் தொட்டார்கள், தொட்டவர்களுக்குப் பணம் எந்த மாதத்தில் கைக்கு வந்தது என்பதை அங்கே இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் யாரிடமாவது கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் தெரியும்வரை மும்பையில் எவ்வளவு வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்ற கணக்கை மாதத் தொகையை மட்டும் வைத்தே அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.